இந்திரலால் ராய் என்னும் வான்படை வீரர்

போரைப் பாடுதற்கு நம் முன்னோர் திணையும் துறையும் வகுத்து வைத்தனர். நிரை கவர்தல் முதலாக, பட்ட வீரனுக்குக் கல் நடுதல் ஈறாக, ஒவ்வொரு திணைக்கும் ஒரு பூவும், ஒவ்வொரு செயற்கும் ஒரு பெயரும் உண்டு. ஆயின், தரைக்குப் பதினையாயிரம் அடிக்கு மேலே, மேகங்களுக்கிடையில், ஒருவன் மற்றொருவனின் முகத்தைத் தெளியக் காணாமலே பொருது வீழ்த்தும் போருக்கு அவர் துறை வகுத்திலர். வகுக்க வேண்டிய காரணமும் அவர்க்கு நேரவில்லை. ஆகாய விமானம் பெருந்தொகையாகப் போர்முனையிற் புகுந்தது 1914-ஆம் ஆண்டில் மூண்ட முதல் உலகப் பெரும் போரிலேயாம். அப்போரில், அந்த வானவெளியில், இந்தியர் ஒருவர் பொருது பெயர் பெற்றார். அவர் வரலாற்றினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாம் அவரைத் தேடிச் சென்றோமல்லேம். கல்லூரி நூல்நிலையத்தில் அப்போரைப் பற்றிய ஆங்கில நூலொன்றின் பெயரட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தபொழுது, மேனாட்டுப் பெயர்களின் நடுவே வங்காளப் பெயரொன்று தனித்து நிற்கக் கண்டோம். பக்கத்தைத் திருப்பினால், அங்கே இரண்டே வரிகள். பத்து விமானங்களை வீழ்த்தியவர், பத்தொன்பதாம் வயதில் இறந்தவர், அவ்வளவே. எமக்கும் இவ்வாண்டு வயது பத்தொன்பது. அவ்வொற்றுமை இல்லாதிருந்தால் யாமும் அப்பக்கத்தைக் கடந்து சென்றிருப்போம் என்பதை மறைப்பதற்கில்லை.

இந்திரலால் ராய் 1898-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் பியாரிலால் ராய், கிழக்கு வங்காளத்துப் பரிசால் மாவட்டத்து நிலக்கிழார் குடியிற் பிறந்து, பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். தாயார் லலிதா ராய் அம்மையாரைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். இவ்வம்மையார் தம் மக்களுடன் லண்டன் மாநகரில் வாழ்ந்தபோது, பெண்டிர்க்கு வாக்குரிமை வேண்டும் என்று கிளர்ந்தெழுந்த இயக்கத்திற் கலந்துகொண்டார். 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் அந்நகர வீதிகளில் ஏறத்தாழ 40,000 பெண்கள் அணிவகுத்துச் சென்ற ஊர்வலத்தில் இந்தியப் பெண்களின் குழு ஒன்றும் சென்றது. அக்குழுவைத் திரட்டியோருள் இவ்வம்மையாரும் ஒருவர். அப்பொழுது இந்திரலாலுக்கு வயது பன்னிரண்டு. தமக்கு இல்லை என்று பிறர் மறுத்த ஒன்றை நிமிர்ந்து நின்று கேட்கும் வழக்கத்தை அப்பிள்ளை எங்குக் கற்றான் என்று பின்னர் எவரேனும் வினவின், விடை அவ்வீட்டிலேயே இருக்கிறது.

லண்டனில் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள தூய பவுல் பள்ளியில் அவர் பயின்றார். வீட்டிலும் நண்பரிடத்தும் அவருக்கு வழங்கிய செல்லப்பெயர் 'லாடி' என்பது. சிறுவன் என்பது அதன் பொருள். போர் மூண்டபோது அவர் பதினைந்து வயதுப் பள்ளி மாணவர். அண்ணன் பரேஷ்லால் காலாட்படையொன்றிற் சேர்ந்து பிரான்சு நாட்டுக்குச் சென்றார். (இந்தியக் குத்துச்சண்டையின் தந்தை என்று பிற்காலத்தில் புகழப்பட்டவர் இவரே.) தம்பியின் நாட்டமோ வானத்தின்மேற் சென்றது.

வான்படையினர் முதலில் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கண்பார்வை போதாது என்று திருப்பியனுப்பினர். பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் அந்நிலையில் யாது செய்வர்? பெரும்பாலார் வீடு திரும்புவர். இந்திரலால் தம்மிடமிருந்த மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தைக் கொண்டு புகழ்பெற்ற கண்மருத்துவர் ஒருவரிடம் மறுபடி சோதனை செய்வித்துக்கொண்டார் என்பது அவர் வரலாற்றைக் கூறுவோர் அனைவரும் சொல்லும் செய்தி. முன்னைய தீர்ப்பு மாறியது. 1917-ஆம் ஆண்டு ஏப்ரலிற் பயிற்சிக்குச் சேர்ந்த அவர், ஜூலை 5-ஆம் நாள் இரண்டாம் லெப்டினண்டு என்னும் அதிகாரப் பதவி பெற்றார்.

இப்பதவியின் அருமையை இக்காலத்தார் எளிதில் உணரார். இந்தியப் படையிலே அந்நாளில் பல்லாயிரம் இந்தியர் பொருது மடிந்துகொண்டிருந்தனர். எனினும், ஆங்கிலேய அதிகாரிக்கு நிகராக நிற்கும் மன்னர் நியமனம் அப்படையில் இந்தியர்க்குக் கிட்டுவதாயில்லை. 1917 ஆகஸ்டுத் திங்களில் ஒன்பது இந்தியர்க்கு அந்நியமனம் வழங்கப்பட்டபோது அது பெரியதொரு சலுகை என்று பேசப்பட்டது. வான்படையின் கதவு அதற்குச் சற்று முன்னரே திறந்தது. அதுவும் தட்டியோர்க்கே திறந்தது. ஹர்தித் சிங் மாலிக் என்னும் சீக்கிய மாணவர் முதலில் மறுக்கப்பட்டு, பிரான்சு நாட்டிற்குச் சென்று அந்நாட்டார்க்காக நோயாளர் வண்டி ஓட்டினார். அதன் பின்னரும், அவருடைய ஆக்ஸ்போர்டு ஆசிரியர் படைத்தலைவர் ஹெண்டர்சனுக்கு எழுதிய பிறகே அவர்க்கு இடம் கிடைத்தது. தலைப்பாகையை அவர் விடவில்லை. அதன்மேற் பொருந்துமாறு பெரிய தலைக்கவசம் செய்துகொண்டார். இவ்விருவரோடு வெலிங்கர், சென் என்னும் இருவரையும் கூட்டினால், அப்போரில் ஆங்கில வான்படையிற் பறந்து பொருத இந்தியர் நால்வராவர். சென் பகைவரிடம் சிறைப்பட்டார். வெலிங்கர் 1918 ஜூனிற் புண்பட்டு உயிர்நீத்தார்.

பயிற்சி முடிந்து 1917 அக்டோபர் 30-ஆம் நாள் இந்திரலால் பிரான்சிலிருந்த 56-ஆம் விமான அணியிற் சேர்ந்தார். அஃது அக்காலத்துப் பேரணிகளுள் ஒன்று. ஜெர்மானியப் பெருவீரர் வெர்னர் வோஸ் என்பாரை ஐந்து வாரங்களுக்கு முன்னரே வீழ்த்திப் புகழுச்சியில் நின்றது. அங்கே நம் இளைஞருக்கு நேர்ந்ததோ வெற்றியன்று. டிசம்பர் 6-ஆம் நாள், பிறந்தநாள் கழிந்து நான்காம் நாள், அவர் ஓட்டிய விமானம் தரையில் மோதி நொறுங்கியது. உணர்விழந்து கிடந்தவரை இறந்தார் என்றே முடிவுசெய்து, பிணங்களை இடும் அறையிற் கிடத்தினர். பின்னர் அவருக்கு நினைவு திரும்பியது. பூட்டிய கதவை அவர் உள்ளிருந்து தட்டினார் என்றும், காவலிருந்தோர் அஞ்சிக் கதவைத் திறக்கத் தயங்கினர் என்றும் கூறுவர். தட்டியதும் அஞ்சியதும் கதை வளர்த்தோரின் கைவண்ணமாக இருக்கலாம். பிணங்களோடு கிடத்தப்பட்டு அவர் விழித்தெழுந்தது உண்மை.

இவ்விடத்திற் சற்று நிற்போம். அவருடைய வீரச்செயல்களை எழுதுவோர் பெரும்பாலும் இந்நிகழ்ச்சியை ஒரு வியப்பாகக் கூறிவிட்டு, அடுத்த பக்கத்தில் ஜூலை மாதத்து வெற்றிகளுக்குத் தாவிவிடுகின்றனர். எம் கருத்தில், அவர் வாழ்க்கையின் உயிர்நிலை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆறு மாதங்களிலேயே உள்ளது. அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். விமானம் ஓட்டத் தகுதியற்றவர் என மருத்துவர் விதித்தனர். தளவாடங்களைக் கண்காணிக்கும் அலுவலுக்கே தகுவர் என்றனர். அந்த அலுவல் இழிவானதன்று. பிணவறையிற் கிடந்து மீண்ட ஒருவர் அதனை ஏற்றிருந்தால் உலகம் ஒரு சொல்லும் குறைகூறியிராது; பெற்ற தாயும் உடன்பிறந்தோரும் மகிழ்ந்திருப்பர். நோய்ப்படுக்கையிலிருந்து அவர் தாளிலும் பென்சிலிலும் விமானங்களை வரைந்துகொண்டிருந்தார். அவ்வோவியங்களிற் பல இன்றும் எஞ்சியுள்ளன. மகன் உடல் தேறிக்கொண்டிருந்த அந்த 1918 பிப்ரவரியிலேதான், தாயார் கேட்டுநின்ற வாக்குரிமை முப்பது வயதுக்கு மேற்பட்ட ஆங்கிலப் பெண்டிருட் பலர்க்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. மேலதிகாரிகளிடம் விடாது முறையிட்டு முறையிட்டு, மகனும் தாம் கேட்டதைப் பெற்றார். 1918 ஜூன் திங்களில் 40-ஆம் விமான அணிக்கு விமானியாக அனுப்பப்பட்டார்.

முதன்முறை சென்றது அறியாமை கலந்த ஆர்வம் எனலாம். பதினெட்டு வயதினர்க்கு மரணம் என்பது பிறர்க்கு நேரும் செய்தியன்றோ? இரண்டாம் முறை சென்றவர் அதன் அறைக்குள் கிடந்து பார்த்தவர். இவ்விரு செலவையும் ஒரே பெயரால் வீரம் என்றழைப்பது பொருந்தாது என்றே யாம் நினைக்கின்றோம்.

அவர் ஓட்டிய எஸ்.ஈ.5ஏ என்னும் விமானத்தைப் பற்றிச் சிறிது அறிந்தாலன்றி அவர் செய்த செயல் விளங்காது. அது மேலும் கீழுமாக இரட்டைச் சிறகுகள் உடையது, மரச்சட்டத்தின்மேற் துணி போர்த்தது, ஒருவரே அமரத்தக்கது. மணிக்கு 130 மைலுக்கு மேல் விரையும். விமானியின் தலைக்கு மேல் கூரையில்லை. அவ்வுயரத்துக் குளிர் முகத்தில் அறையும். இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டு. ஒன்று முகப்பிலிருந்து, சுழலும் விசிறியின் இதழ்களுக்கு இடையே குண்டு செல்லுமாறு பொறியோடு இணைத்துச் சமைக்கப்பட்டது. மற்றொன்று மேற்சிறகின்மேல் அமைந்து விசிறிக்கு மேலாகச் சுடுவது. அம்மேல் துப்பாக்கிக்குரிய வட்டப்பெட்டியிற் குண்டுகள் 97. அவை தீர்ந்தால், வளைந்த தண்டவாளத்தின் வழியே அத்துப்பாக்கியைத் தம்மை நோக்கி இழுத்து, வெறும் பெட்டியைக் கழற்றி, புதுப்பெட்டியைப் பொருத்தி, மீண்டும் மேலே தள்ளவேண்டும். செலுத்துகோலை முழங்கால்களால் இடுக்கிக்கொண்டு, கடுங்காற்றில், பகைவன் பின்னால் வந்துகொண்டிருக்கையில் இதனைச் செய்யவேண்டும்! உயிர்காக்கும் பாரசூட்டு ஆங்கில விமானிகட்கு வழங்கப்படவில்லை. கயிற்றிற் கட்டிய பலூன்களில் ஏறி வேவு பார்ப்போர்க்கு அது உண்டு, விமானிக்கு இல்லை. ஜெர்மானியர் அவ்வாண்டிலேயே தம் விமானிகளுட் சிலர்க்கு அதனைக் கொடுக்கத் தொடங்கினர்.

40-ஆம் அணியில் அவருக்குத் தலைவராக வாய்த்தவர் ஜார்ஜ் மெக்கல்ராய் என்னும் ஐரிஷ் வீரர். அவர் வெற்றிகள் பின்னர் 47 வரை எண்ணப்பட்டன. இத்தலைவரின் கீழ் நம் இளைஞர் பெற்ற வெற்றிகளை நாள் வரிசையில் நோக்குவோர் வியப்பர். ஜூலை 6-ஆம் நாள் ஒன்று, 8-ஆம் நாள் சில மணி நேரத்துக்குள் மூன்று, 13-இல் இரண்டு, 15-இல் இரண்டு, 18-இல் ஒன்று, 19-இல் ஒன்று, ஆகப் பத்து. ஐந்து விமானங்களை வீழ்த்தியவரைத் தலைசிறந்த விமானி எனத் தனிப்பெயரிட்டு அழைப்பது அக்கால வழக்கு. இந்தியருள் அவ்வெண்ணை முதலில் எட்டியவர் இவரே.

ஆயினும் எண்களை அப்படியே விழுங்குதல் மாணவர்க்கு அழகன்று. ஆங்கில வான்படையிற் கணக்கெடுக்கும் முறை நமக்குச் சிறிது விந்தையாகத் தோன்றும். பகை விமானம் எரிந்தோ உடைந்தோ வீழ்ந்ததைக் கண்டால் 'அழிந்தது' என்பர். செலுத்துவார் வசமிழந்து சுழன்று கீழ்நோக்கிச் சென்றதை மட்டும் கண்டால் 'கட்டிழந்தது' என்பர். இரண்டும் வெற்றியாகவே எண்ணப்படும். இந்திரலாலின் பத்தில் ஐந்து முதல் வகை, ஐந்து இரண்டாம் வகை. இரண்டு வெற்றிகள் பிறரோடு பங்கிட்டவை. கட்டிழந்து சென்றதாகக் கருதப்பட்ட விமானம் மேகத்துக்குக் கீழே நிமிர்ந்து வீடு சேர்ந்ததும் அப்போரில் உண்டு. இதனைக் கூறுவது அவர் புகழைக் குறைப்பதற்கன்று. அவருடைய எண்ணும் அப்போரிற் பொருத ஏனைய ஆங்கில வீரரின் எண்ணும் ஒரே படியால் அளக்கப்பட்டவை என்பதைத் தெளிவித்தற்கேயாம்.

இன்னுமொன்று உண்டு. அவர் வீழ்த்தியவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை இருவர் செல்லும் விமானங்கள். அவற்றுள்ளும் ஹன்னோவர் என்னும் வகையே மிகுதி. முன்னிருப்பவர் ஓட்டுபவர், பின்னிருப்பவர் பின்புறம் நோக்கித் துப்பாக்கி பிடித்தவர். அதன் வால் சிறியது. தொலைவிற் பார்ப்பவர்க்கு ஒருவர் செல்லும் விமானம் போலவே தோன்றும். எளிய இரையென்று பின்னாலிருந்து பாய்ந்தவரை அப்பின்துப்பாக்கி வரவேற்கும். அதனை வீழ்த்துதற்கு வாலின் அடியில், பின்னிருப்பவரின் கண்ணுக்கு மறைந்த இடத்தில், மிக நெருங்கிச் செல்லவேண்டும். அவ்வளவு நெருக்கத்தில் முகம் தெரியாமற் போகாது. இக்கட்டுரையின் தொடக்கத்தில், முகம் காணாமற் பொரும் போர் என்று யாம் எழுதினோம். ஹன்னோவரைப் பற்றிப் படித்தபின் அச்சொல் எம்மை உறுத்துகின்றது. அதனை அழிக்காமல் விட்டிருப்பது, எம்மைப் போலவே எண்ணித் தொடங்கும் வாசகர் பலர் இருப்பர் என்பதனால். படைப்பதிவேட்டில் விமானங்களுக்கு எண் உண்டு. அவற்றுள் இருந்த மனிதர்க்கு அப்பக்கத்தில் எண் இல்லை. அவர்களும் எம் வயதினராகவே இருந்திருப்பர். பத்து என்னும் எண்ணை உரக்கப் படித்து மகிழ எமக்கு நா எழவில்லை.

கடைசி வெற்றிக்கு மூன்றாம் நாள், 1918 ஜூலை 22-இல், வட பிரான்சில் கார்வன் என்னும் ஊருக்கு மேலே, ஜெர்மானியரின் 29-ஆம் அணியைச் சேர்ந்த பொக்கர் டி-7 விமானங்களோடு நிகழ்ந்த போரில் இந்திரலால் ராய் வீழ்ந்தார். பொக்கர் டி-7 அவ்வாண்டிலேதான் போர்முனைக்கு வந்தது. போர் நிறுத்த உடன்படிக்கையில், கட்டாயமாக ஒப்படைக்கவேண்டிய விமானம் என்று பெயர் குறித்தே எழுதப்பட்ட பெருமை அதற்குண்டு. அவர் உயிரோடிருந்தது 19 ஆண்டு, 7 திங்கள், 20 நாள். அதே திங்கள் 31-ஆம் நாள் தலைவர் மெக்கல்ராயும் வீழ்ந்தார். போர் நின்றது இந்திரலால் வீழ்ந்த 112-ஆம் நாளில்.

அவர் வீழ்ந்த இடத்தில் 'செம்பிரபு' எனப் புகழ்பெற்ற ஜெர்மானிய வீரர் ரிக்தோபன் விமானத்திலிருந்து மலர்வளையம் இட்டார் என்று சிலர் எழுதுவர். கேட்க இனிது, ஆயின் ரிக்தோபன் 1918 ஏப்ரல் 21-ஆம் நாளே இறந்துவிட்டார். மூன்று திங்களுக்கு முன் மாண்டவர் மலரிடுதல் எங்ஙனம்? மெய்யான வீரனுக்குப் பொய்யான மாலை வேண்டுவதில்லை.

அரசு அவருக்கு அளித்த சிறப்பு 'டிஸ்டிங்கிஷ்டு பிளையிங் கிராஸ்' என்னும் சிலுவைப் பதக்கம். அப்பதக்கமே 1918 ஜூன் 3-ஆம் நாள் புதிதாக ஏற்படுத்தப்பட்டது. இவருக்கு அளிக்கப்பட்ட செய்தி செப்டம்பர் 21-ஆம் நாள் அரசாங்க இதழில் வெளிவந்தது. அதாவது இறந்து இரண்டு திங்கள் கழித்து. அப்பதக்கம் பெற்ற முதல் இந்தியர் இவரே. அவ்வறிக்கை பதின்மூன்று நாட்களில் ஒன்பது விமானங்கள் என்று கூறுகின்றது. மேலே யாம் காட்டிய வரிசை பத்து. அரசாங்க இதழும் படைக்கணக்கும் ஒன்றோடொன்று முரணுவது புதுமையன்று; படிப்போர் இரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

பிரான்சில் எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் பொது இடுகாட்டில் அவர் கல்லறை உள்ளது. தாம் நேசித்த இலட்சியத்திற்காக உயிர்விட்டார் என்னும் கருத்து அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த இலட்சியம் யாது? பேரரசா? அவர் இறந்து ஒன்பது திங்கள் நிறைவதற்குள், 1919 ஏப்ரல் 13-ஆம் நாள், அதே பேரரசின் படை அமிர்தசரசு ஜாலியன்வாலா பாக்கில் ஆயுதமில்லா மக்களைச் சுட்டது. அன்று அவர் உயிரோடிருந்து அச்செய்தியைப் படித்திருந்தால் அப்பதக்கத்தை என் செய்திருப்பார் என்று எம் வகுப்புத் தோழரொருவர் வினவினார். இறந்தார் மேல் நம் எண்ணத்தை ஏற்றி விடையிறுத்தல் தகாது. அவர் பொருதது பேரரசின் கொடிக்கீழ் என்பது மறுக்கவொண்ணாதது. ஆயினும், உன்னால் ஆகாது என்ற மருத்துவரையும், உனக்கு இடமில்லை என்ற வழக்கத்தையும் எதிர்த்தே அவர் அக்கொடிக்கீழ் வந்து நின்றார் என்பதும் அவ்வாறே மறுக்கவொண்ணாதது. இரண்டையும் சேர்த்தே அவரை நினைக்கவேண்டியிருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பாடுவோர் பலர். அவரோடு எமக்கு உடன்பாடில்லை.

அவர் உறவினர் சுப்ரதோ முகர்ஜி. இந்திரலால் வீழ்ந்தபோது ஏழு வயதுச் சிறுவர். 1932 அக்டோபர் 8-ஆம் நாள் இந்திய விமானப்படை அமைந்தபோது அதிற் சேர்ந்த முதல் விமானிகளுள் அவர் ஒருவர். 1954-இல் அப்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரும் அவரே. கல்கத்தாவில் பவானிபூர்ப் பகுதியில் இந்திரலால் ராய் பெயரால் ஒரு வீதி உண்டு. நூற்றாண்டு நினைவாக 1998-இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையொன்று வெளியிடப்பட்டது.

எஸ்தெவெல் கல்லறைக்கல்லில் பிரெஞ்சு எழுத்தோடு வங்காள எழுத்தும் உள்ளது. மாவீரன் துயிலுமிடம், வணங்கிச் செல்க, தீண்டற்க என்பது அவ்வங்காள எழுத்தின் பொருள். அவ்வூரார் பேசுவது பிரெஞ்சு.